நின்ற எழுதுகோல்

கதை கேட்டு மகிழாத மக்கள் உலகில் எங்கும் இலர். பாட்டியின் மடியில் கிடந்து கதை கேட்ட குழந்தை, சிறிது வளர்ந்ததும் தானே கதை சொல்லத் தொடங்குகிறது. பள்ளியில் நிகழ்ந்ததைத் தாயிடம் கூறும் சிறுவனும், சந்தையில் கண்டதைத் திண்ணையில் அமர்ந்து உரைக்கும் முதியவரும் கதை சொல்பவர்களே. அவர்களுக்குச் சொற்பஞ்சம் நேர்வதில்லை. ஆனால், அவர்கள் கையில் தாளும் எழுதுகோலும் கொடுத்து, "ஒரு கதை எழுதுக" என்று கூறிப் பாருங்கள். முதல் வரி வரும். இரண்டாம் வரி தயங்கி வரும். நான்காம் வரியில் எழுதுகோல் நின்றுவிடும்.

இந்நிலை இளைஞர்க்கு மட்டும் உரியதன்று. உலகம் போற்றும் புதின ஆசிரியர்களும் நாள்கணக்காக, சில வேளைகளில் ஆண்டுக்கணக்காக, எழுத இயலாமல் தவித்திருக்கின்றனர். அவர்கள் அத்தடையை எவ்வாறு கடந்தனர் என்பதை அறிதல் நன்று. கதை எழுத விழையும் மாணவர்க்கு மட்டுமன்றி, ஒரு செயலைத் தொடங்கி இடையில் நின்று கலங்கும் எவர்க்கும் அது பயன்படும்.

உழவன் ஒருவன் நிலத்தை உழுகின்றான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏர் திடீரென்று நின்றுவிடுகிறது. உடனே அவன், "எனக்கு உழவு வராது" என்று கலப்பையை எறிந்துவிட்டு வீடு திரும்புவதில்லை. குனிந்து மண்ணை விலக்கிப் பார்க்கின்றான். கொழு ஒரு கல்லில் முட்டியிருக்கும். அல்லது மரத்தின் வேரில் சிக்கியிருக்கும். கல்லாயின் அகற்றுகின்றான், வேராயின் வெட்டுகின்றான், பெரும்பாறையாயின் ஏரைத் தூக்கிச் சென்று அப்பால் உழுகின்றான். எழுதுகோல் நிற்கும்போது நாம் செய்வதோ வேறு. "எனக்குக் கற்பனை இல்லை, எழுத்து என் பிறவியிலேயே இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இம்முடிவினால் எழுதப்படாமலே மறைந்த கதைகள் எத்தனை என்று யார் அறிவார்? தடை நேர்ந்தது என்பதால் ஆற்றல் இல்லை என்று ஆகிவிடாது. "இங்கே ஏதோ ஒன்று இருக்கிறது; குனிந்து பார்" என்றே அது நமக்கு அறிவிக்கின்றது. மண்ணுக்கடியில் இருப்பது எத்தகைய கல் என்று கண்டறிபவரே அதனை அகற்ற வல்லவர்.

பலருடைய எழுதுகோலை நிறுத்தும் முதற்கல், காட்சி இன்மையாகும். சொல்ல வேண்டிய கருத்து உள்ளத்தில் இருக்கும். ஆனால் அதனைச் சுமந்து நடக்கும் மனிதர் கண்முன் தோன்றியிருக்கமாட்டார். ரஷ்ய நாட்டுப் பேராசான் டால்ஸ்டாயின் வாழ்வில் இதற்குத் தக்க சான்று உண்டு. 1828ஆம் ஆண்டில் பிறந்த அவர், 'போரும் அமைதியும்' என்னும் மாபெரும் புதினத்தை 1869ஆம் ஆண்டில் முடித்துப் பெரும்புகழ் பெற்றார். அதன் பின்னர், 1725ஆம் ஆண்டில் மறைந்த மகா பீட்டர் மன்னரின் காலத்தை வைத்து ஒரு புதினம் எழுத எண்ணினார். நூல்களைக் குவித்தார், அக்கால மக்களின் உடை, பழக்கவழக்கம் முதலியன பற்றிக் குறிப்புகள் எடுத்தார். ஒரு தொடக்கம் எழுதினார், நிறைவு உண்டாகவில்லை. அதனை ஒதுக்கிவிட்டு மற்றொரு தொடக்கம் எழுதினார். இவ்வாறே பல தொடக்கங்கள் எழுதப்பட்டன. 1873ஆம் ஆண்டு பிறந்தது. கதை மட்டும் நகரவில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 'போரும் அமைதியும்' நெப்போலியன் 1812ஆம் ஆண்டில் ரஷ்யாவின்மீது படையெடுத்த காலத்துக் கதை. அதுவும் டால்ஸ்டாய் பிறப்பதற்கு முற்பட்ட காலமே. அதனை எழுதியவர்க்கு இதனை எழுத இயலாமை ஏன்? விடை அரிதன்று. 1812ஆம் ஆண்டின் மக்கள் அவருக்குத் தந்தை தலைமுறையினரும் பாட்டன் தலைமுறையினரும் ஆவர். அவர்களைப் பற்றிய செய்திகள் குடும்பத்தார் நாவில் வழங்கின. பழங்கடிதங்கள் வீட்டிலேயே இருந்தன. தம் தந்தையின் சாயலையும் தாயின் சாயலையும் கதைமாந்தர்க்கு ஏற்றி அவர் எழுதினார். பீட்டர் காலத்து மக்களோ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அப்பால் இருந்தனர். அவர்கள் அணிந்த உடை இன்னதென்று நூல்கள் கூறின. அவ்வுடைக்குள் இருந்த உள்ளம் இன்னதென்று கூறவில்லை.

1873ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரு நாள், வீட்டில் கிடந்த புஷ்கினின் உரைநடைத் தொகுதி ஒன்று தற்செயலாக டால்ஸ்டாயின் கைக்கு வந்தது. புஷ்கின் அவருக்கு முந்திய தலைமுறைப் பெருங்கவிஞர். அத்தொகுதியில் முற்றுப்பெறாத கதைப்பகுதி ஒன்று இருந்தது. ஊர் வருணனையும் குலவரலாறும் கூறாமல், விருந்தினர் வந்து கூடும் காட்சியோடு அது நேரே தொடங்கியது. 'கதை இவ்வாறன்றோ தொடங்கவேண்டும்!' என்று டால்ஸ்டாய் வியந்தார். உடனே எழுத அமர்ந்தார். அவர் எழுதியது பீட்டரின் கதை அன்று. தம் காலத்துப் பெண் ஒருத்தியின் கதை. அதன் வித்து முன்னரே அவர் நெஞ்சில் விழுந்திருந்தது. 1872ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவருடைய ஊருக்கு அண்மையில் இருந்த புகைவண்டி நிலையத்தில் ஒரு பெண் உயிரிழந்தாள். டால்ஸ்டாய் அங்குச் சென்று அவள் உடலைக் கண்டார். நூல்களில் தேடியபோது கிடைக்காத உயிர், கண்ணால் கண்டு நெஞ்சால் வருந்திய அந்த நிகழ்ச்சியில் கிடைத்தது. அதுவே 'அன்னா கரீனினா' என்னும் புதினமாக மலர்ந்தது.

அதன் பிறகும் அவர் பாதை தடையற்றதாக இருக்கவில்லை. இடையிடையே சலிப்புற்று எழுதுவதை நிறுத்தினார். உழவர் வீட்டுச் சிறுவர்க்கான பாடநூல் ஆக்கும் பணியில் ஈடுபட்டார். பின்னர் மீண்டும் கதைக்குத் திரும்பினார். 1875 முதல் 1877 வரை அப்புதினம் இதழில் தொடராக வெளிவந்தது. பீட்டரைப் பற்றிய புதினத்தை அவர் எழுதி முடிக்கவில்லை. ஒரு கதையைக் கைவிடுதல் எழுத்தையே கைவிடுதல் ஆகாது என்பதை இதனால் உணர்கிறோம். பெரும்பாறையைக் கண்ட உழவன் ஏரைத் தூக்கி வேறிடத்தில் உழுதது போன்றதே அவர் செயல்.

கண்முன் தோன்றும் சிறு காட்சி ஒன்று எவ்வளவு பெரிய கதவைத் திறக்கும் என்பதற்கு நம் நாட்டிலும் சான்று உண்டு. ஆங்கிலத்தில் எழுதி உலகப்புகழ் பெற்ற ஆர். கே. நாராயண் 1906ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்தவர். 1930ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், பாட்டியார் பார்த்துக் கொடுத்த நல்ல நாளில், அவர் ஒரு குறிப்பேடு வாங்கிவந்து முதற்புதினம் எழுத அமர்ந்தார். என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதுகோலைக் கடித்துக்கொண்டிருந்த வேளையில், மால்குடி என்னும் ஊரின் சிறு புகைவண்டி நிலையம் அவர் மனக்கண்முன் தோன்றியது. நடைமேடையில் சுவாமிநாதன் என்னும் சிறுவன் பயணிகளின் முகங்களை உற்று நோக்கியவாறு ஓடினான். எந்த நாட்டுப் படத்திலும் இல்லாத அந்த ஊர் அவ்வாறு பிறந்தது. 'சுவாமியும் நண்பர்களும்' என்னும் அப்புதினம் 1935ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்நூலின் தொடக்கத்தைப் பார்ப்பவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். கதை புகைவண்டி நிலையத்தில் தொடங்கவில்லை. திங்கட்கிழமைக் காலையில், பள்ளி செல்ல மனமில்லாத சுவாமிநாதனோடு தொடங்குகிறது. முதலில் தோன்றும் காட்சி நூலின் முதற்பக்கமாகவே அமையவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. உள்ளே நுழைவதற்கு அது ஒரு வாயிலாக உதவினால் போதும்.

இதனை மாணவர் எவ்வாறு கைக்கொள்வது? வறுமையிலும் நேர்மை தவறாத சிறுவன் ஒருவனைப் பற்றி ஒரு மாணவர் கதை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஓர் ஊரில் ஓர் ஏழைச் சிறுவன் இருந்தான். அவன் மிகவும் நேர்மையானவன்" என்று எழுதுகிறார். அதற்குமேல் ஓடவில்லை. ஏன்? வறுமையும் நேர்மையும் கருத்துகள். அவற்றைக் கண்ணால் காண இயலாது. ஆகவே அவர் தம்மைத் தாமே சில வினாக்கள் கேட்டுக்கொள்ளல் வேண்டும். அச்சிறுவன் இப்பொழுது எங்கே நிற்கின்றான்? அவன் கையில் என்ன இருக்கிறது? அவனுக்கு என்ன வேண்டும்? அதனைத் தடுப்பது எது?

விடைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. மாலை நேரம். சிறுவன் மளிகைக் கடையின் படியில் நிற்கின்றான். அவன் கொடுத்தது நூறு ரூபாய்த் தாள். கடைக்காரர் அதனை ஐந்நூறு என்று கருதி மீதிப் பணம் கொடுத்துவிட்டார். வீட்டில் தாய் காய்ச்சலோடு படுத்திருக்கின்றாள். மருந்துக்குப் பணம் இல்லை. அந்தக் கடைக்காரரோ, முந்திய நாள் கடன் கேட்கச் சென்ற தாயைப் பலர்முன் கடிந்து பேசியவர். சிறுவன் பணத்தை மீண்டும் ஒரு முறை எண்ணுகின்றான். இனிக் கதை நிற்குமா? அவன் என்ன செய்யப்போகின்றான் என்று அறியும் ஆவல் எழுதுபவர்க்கே பிறந்துவிட்டது. நேர்மை என்னும் சொல்லை ஓரிடத்திலும் எழுதாமலே நேர்மையின் விலையைக் காட்டிவிடலாம்.

எழுதுகோலை நிறுத்தும் இரண்டாம் கல், முதல் வரியே குற்றமற்ற வரியாக அமையவேண்டும் என்னும் பேராசை. ஒரு சொல் எழுதுகிறோம், அழிக்கிறோம். வேறு சொல் எழுதுகிறோம், அதனையும் அழிக்கிறோம். நாற்று நடும் கையே அந்நேரத்தில் களையும் பறிக்க முனைந்தால் வயல் நடவாகுமா? நடவு முடிந்தபின் களையெடுப்பதே முறை. அவ்வாறே, முதலில் கதையை முடிவுவரை எழுதிவிடல் வேண்டும். சொல் திருத்தமும் தொடர்த் திருத்தமும் அடுத்த வேலை.

இத்தகைய பேராசை பெரும்பாலும் ஒரு தவறான ஒப்பீட்டினால் பிறக்கின்றது. நாம் படிக்கும் நூல் அச்சிட்ட நூல். பல முறை திருத்தப்பெற்ற நூல். அதனை நம் முதல் வரைவோடு ஒப்பிட்டு மனம் உடைகிறோம். பிரெஞ்சு எழுத்தாளர் பிளாபர் 'மதாம் பொவாரி' என்னும் புதினத்தை 1851ஆம் ஆண்டில் தொடங்கி 1856ஆம் ஆண்டில் முடித்தார். ஒரு பக்கத்துக்காகப் பல நாள் உழைத்தார். எழுதிய தொடரை உரக்கப் படித்துச் செவியால் அதன் ஓசையைச் சோதித்தார். அப்புதினத்துக்காக அவர் எழுதி, அடித்து, மீண்டும் எழுதிய தாள்கள் ஆயிரக்கணக்கில் ரூவான் நகர நூலகத்தில் பாதுகாக்கப்பெற்றுள்ளன. அத்தாள்களைக் கண்டவர், நல்ல நடை ஒரே முறையில் வந்து அமைவது என்று கருதமாட்டார். திருத்துவதற்கு முதலில் ஏதேனும் ஒன்று தாளில் இருத்தல் வேண்டுமன்றோ? வெற்றுத்தாளை எவராலும் திருத்த இயலாது.

மூன்றாம் கல், அச்சம். காலம் குறுகி, கடமை நெருங்கும்போது அறிவு மரத்துப்போகும். ரஷ்ய எழுத்தாளர் தாஸ்தாயெவ்ஸ்கிக்கு 1866ஆம் ஆண்டில் இந்நிலை நேர்ந்தது. இறந்துபோன தமையனாரின் கடன்களையும் தாமே ஏற்றிருந்த அவர், பணமுடையால் முந்திய ஆண்டில் பதிப்பாளர் ஒருவரோடு கொடிய ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டார். 1866 நவம்பர் முதல் நாளுக்குள் புதிய புதினம் ஒன்று தரவேண்டும். தவறினால், அடுத்த ஒன்பது ஆண்டுகள் அவர் எழுதுவனவற்றையெல்லாம் பதிப்பாளர் ஊதியம் ஏதும் தராமல் வெளியிட்டுக்கொள்ளலாம். 'குற்றமும் தண்டனையும்' என்னும் புதினத்தை இதழுக்குத் தொடராக எழுதிக்கொண்டிருந்தமையால், இந்தப் புதினம் எழுதப்படாமலே கிடந்தது. அக்டோபர்த் திங்களும் பிறந்துவிட்டது. எஞ்சியிருந்த நாள்கள் முப்பதுக்கும் குறைவு.

அந்நிலையில் நண்பர் ஒருவரின் அறிவுரைப்படி அவர் எழுதும் முறையையே மாற்றினார். அன்னா என்னும் இருபது வயதுச் சுருக்கெழுத்தாளர் வரவழைக்கப்பட்டார். தாஸ்தாயெவ்ஸ்கி அதற்குமுன் தம் கதையைப் பிறர்க்குச் சொல்லி எழுதுவித்தவர் அல்லர். தொடக்கத்தில் அமைதியின்றி அறையில் உலாவினார். சொற்கள் எளிதில் வரவில்லை. நாள் செல்லச் செல்ல ஒரு முறை அமைந்தது. இரவில் குறிப்பு எழுதுவார். பகலில் கதையைச் சொல்லுவார். அன்னா அதனைத் தம் வீட்டில் தெளிவாக எழுதி மறுநாள் கொண்டுவருவார். நாள்தோறும் வளரும் தாள்களின் எண்ணிக்கையைக் கண்டு இருவர்க்கும் ஊக்கம் பிறந்தது. இருபத்தாறு நாள்களில் 'சூதாடி' என்னும் புதினம் நிறைவுற்றது. அதனை ஒப்படைக்கச் சென்றபோது பதிப்பாளர் ஊரில் இல்லை. ஆகவே காவல் நிலையத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெற்று, தாஸ்தாயெவ்ஸ்கி தம் உரிமையைக் காத்துக்கொண்டார். அடுத்த ஆண்டில் அன்னா அவருடைய வாழ்க்கைத் துணைவியானார்.

சூதாட்டத்தின் மயக்கத்தையும் துயரத்தையும் அவர் தம் வாழ்விலேயே அறிந்திருந்தார் என்பதையும் இங்கு மறத்தலாகாது. கதைப்பொருள் உள்ளத்தில் இருந்தது. வெளிவரும் வழிதான் அடைபட்டிருந்தது. கையால் எழுத வராதபோது வாயால் சொல்லிப் பார்க்கலாம். நண்பர் ஒருவரை எதிரில் அமர்த்திக் கதையைக் கூறலாம். கேட்பவர், "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று வினவும்போது, அறியாமலே அடுத்த நிகழ்ச்சி நாவில் வந்து நிற்கும். திண்ணை முதியவரின் திறமை நம் அனைவரிடத்தும் உண்டு.

நான்காம் கல், பழக்கம் இன்மை. 'மனம் எழும்போது எழுதுவேன்' என்று காத்திருப்பவர்க்கு மனம் எழுவது அரிது. இங்கிலாந்து நாட்டு டிராலோப் அஞ்சல்துறையில் பணிபுரிந்தவர். நாள்தோறும் காலை 5.30 மணிக்கு எழுத அமர்வார். முதல் அரைமணி நேரம் முந்திய நாள் எழுதியதைப் படித்துப் பார்ப்பார். பின்னர்க் கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள் என்னும் அளவில் எழுதுவார். காலை உணவுக்குமுன் எழுத்துப்பணி முடிந்துவிடும், அதன்பின் அலுவலகம். அம்முறையைக் கைக்கொண்டு அவர் 47 புதினங்களை எழுதினார். அவர் அளவு நமக்கு வேண்டுவதில்லை. நாள்தோறும் ஒரு பக்கம், குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் எழுதினால் போதும்.

1954ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே மற்றொரு முறையைக் கைக்கொண்டார். கதை தீர்ந்து களைத்தபின் அவர் நிறுத்துவதில்லை. அடுத்து என்ன நிகழும் என்பது தெளிவாகத் தெரியும்போதே அன்றைய பணியை நிறுத்திவிடுவார். கிணற்றை வற்றும்வரை இறைக்காமல் சிறிது நீர் விட்டுவைத்தால், இரவில் ஊற்று அதனை நிரப்பிவிடும் என்பது அவர் கருத்து. நம் ஊர்க் கிணற்றை அறிந்தவர்க்கு இவ்வுண்மையை விளக்கவேண்டுவதில்லை.

இவை யாவும் ஒருபுறம் இருக்க, எந்த முறையாலும் உடனே அகற்ற இயலாத கல் ஒன்றும் உண்டு. அது துயரம். ஆர். கே. நாராயண் 1939ஆம் ஆண்டில் தம் அன்பு மனைவியை நச்சுக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். அவர் உள்ளம் ஒடுங்கியது. 1938ஆம் ஆண்டில் ஒரு புதினத்தை வெளியிட்டிருந்த அவர், அடுத்த புதினத்தை வெளியிட 1945ஆம் ஆண்டு ஆயிற்று. அப்புதினமே 'ஆங்கில ஆசிரியர்'. மனைவியை இழந்த ஆசிரியர் ஒருவர் அத்துயரின் ஊடே மெல்ல மெல்ல அமைதி காணும் வரலாற்றை அது கூறுகிறது. எழுத விடாமல் தடுத்த துயரமே இறுதியில் எழுதப்படும் பொருளாயிற்று. சிறுகதைகள் வாயிலாக எழுத்தோடு உறவு விட்டுப்போகாமல் காத்தமையால், காலம் கனிந்தபோது கை தயங்கவில்லை. நெஞ்சு வருந்தும் காலத்தில் எழுத்து நின்றால் அதனைச் சோம்பல் என்று எண்ணித் தம்மைத் தாமே இகழ்ந்துகொள்ளுதல் கூடாது. சிறிது எழுதலாம், நல்ல நூல்களைப் படிக்கலாம், பொறுத்திருக்கலாம்.

மாணவர்களே! உங்கள் எழுதுகோலும் ஒரு நாள் நிற்கும். அப்போது தாளைக் கிழித்து எறியாதீர்கள். குனிந்து பாருங்கள். கதைமாந்தரின் முகம் தோன்றவில்லையா? அவரை ஓர் இடத்தில் நிறுத்தி, கையில் ஒரு பொருளைக் கொடுத்துப் பாருங்கள். முதல் வரி அழகாக இல்லையா? அழகற்ற வரியாகவே எழுதி முன்னே செல்லுங்கள். அச்சம் தடுக்கின்றதா? நண்பரிடம் வாயால் சொல்லுங்கள். பழக்கம் இல்லையா? நாளை அதே நேரத்தில் மீண்டும் அமருங்கள். எடுத்த கதை உங்களுடையதன்று என்று தோன்றுகிறதா? அதனை விட்டு, உங்கள் தெருவிலும் வீட்டிலும் நீங்கள் கண்ட ஒன்றை எழுதுங்கள். கல்லைக் கண்டு அஞ்சி ஏரை எறிந்தவனுக்கு விளைச்சல் இல்லை. அதனை அகற்றி உழுதவனுடைய நிலமோ, முன்னினும் நன்றாக விளையும்.

பயிற்சி

1. பீட்டர் மன்னரைப் பற்றிய புதினம் டால்ஸ்டாய்க்கு அமையாமைக்கும், 'போரும் அமைதியும்' அமைந்தமைக்கும் உரிய காரணங்களை எழுதுக.
2. தாஸ்தாயெவ்ஸ்கி தம் எழுதும் முறையை மாற்றியதால் அடைந்த பயன் யாது?
3. 'வெற்றுத்தாளை எவராலும் திருத்த இயலாது' – இத்தொடரை விளக்குக.
4. மளிகைக் கடைப் படியில் நின்ற சிறுவனின் கதையை ஒரு பக்க அளவில் எழுதி முடிக்க. 'நேர்மை' என்னும் சொல்லை எங்கும் வழங்காதீர்.